மெத்தைப் பசை: ஒட்டி நிற்பது எது, பறந்து போவது எது?

கலியாணக் காலம் வந்துவிட்டால் காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை எந்தத் தளபாடக் கடைக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "என்ன தம்பி, இந்த மெத்தையில கெமிக்கல் பசை அடிச்சிருக்காமே. படுத்தா கென்சர் வரும் எண்டு சொல்றாங்க?" கேட்பவர் பெரும்பாலும் பெண்ணைப் பெற்ற தாய். வட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு குரல் பதிவு அவரைக் குழப்பியிருக்கும். கடைக்காரத் தம்பியிடமும் பதில் தயாராக இருக்கும். "ரெண்டு நாள்ல வாசம் போயிரும் மாமி, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

இரண்டும் அரைகுறைப் பேச்சு. மாமிக்கு எந்தப் பொருளுக்குப் பயப்படுகிறோம் என்று தெரியாது. தம்பிக்கு வாசம் போனால் ஆபத்தும் போய்விட்டது என்ற நினைப்பு. இந்தக் கதையில் மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அந்தப் பசையை அடிக்கிற பொடியன். பசையின் பாரம் பெரும்பகுதி விழுவது அவர் மேல்தான். அது ஏன் என்று விளங்க, பசை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும். பாடசாலையில் இரசாயனவியல் படித்திருக்கத் தேவையில்லை.

முதலில், உங்கள் மெத்தையில் பசை இருக்கிறதா?

எல்லா மெத்தைக்கும் பசை கிடையாது. இலவம்பஞ்சு மெத்தை வெறும் துணிப்பையும் பஞ்சும் தையலும்தான். பசைக்கு அங்கே வேலையே இல்லை.

தும்பு மெத்தையில் தென்னந்தும்பின் மேல் இறப்பர் பால் தெளித்து, அழுத்தி, சூடாக்குகிறார்கள். பாலில் கலந்திருக்கும் கந்தகம் சூட்டில் இறப்பரை இறுக்கிவிடும். டயர்க் கடையில் சொல்லும் வல்கனைசிங் இதுதான். தும்பைப் பிடித்து வைத்திருப்பது அந்த இறப்பர். அதையும் பசை என்று சொல்லலாம், ஆனால் நாம் பேசப்போகும் பசை அது இல்லை.

ஸ்பொஞ் மெத்தை பொலியூரிதேன் என்ற பொருள். இரண்டு திரவங்களைக் கலந்தால் நுரைத்துப் பொங்கி, பெரிய கட்டியாக இறுகும். அதை வெட்டித் துணி உறை தைத்தால் மெத்தை. ஒரே கட்டியில் வெட்டிய மெத்தை என்றால் அதிலும் பசை மிகக் குறைவு, சிலதில் இல்லவே இல்லை.

பசை அதிகமாக இருப்பது பல அடுக்கு மெத்தையில்தான். நடுவில் தும்பு, இரு பக்கமும் ஸ்பொஞ். அல்லது நடுவில் ஸ்பிரிங், அதன் மேல் தடித்த கம்பளி, அதன் மேல் ஸ்பொஞ், அதன் மேல் இன்னொரு மெதுவான ஸ்பொஞ். ஒவ்வொரு அடுக்கையும் அடுத்ததோடு ஒட்டியாக வேண்டும். பழைய மெத்தையைப் பிரித்துப் புதிதாக அடைத்துத் தரும் குஷன் கடைகளிலும் இதே வேலைதான்.

ஆக, வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு எட்டு அங்குல மெத்தையில் ஒன்றில் பசையே இருக்காது, மற்றதில் நாலு இடத்தில் இருக்கும். விலையைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லப்போனால் விலை கூடும்போது அடுக்குக் கூடுகிறது, அடுக்குக் கூடும்போது பசையும் கூடுகிறது. விலை கூடியது சுத்தமானது என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே அவ்வளவாகச் செல்லாது.

பசைக்குள் இரண்டு சாமான்

மாரி வெள்ளாமை வெட்டு முடிந்த நாட்களில் படுவான்கரைப் பக்கம் போயிருப்பீர்கள். வீதியோரம் முழுக்க நெல் காயும். வெட்டி வந்த நெல்லில் இருப்பது இரண்டு: நமக்கு வேண்டிய மணி, போய்த்தொலைய வேண்டிய ஈரம். ஈரம் சுமார் 14 சதவீதத்துக்கு இறங்கும் வரை காயவிட வேண்டும். வெயிலில் பரப்பினால் மேல் ஈரம் சீக்கிரம் பறந்துவிடும். மணிக்குள் இருக்கும் ஈரம் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். அவசரப்பட்டு மூட்டை கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

பசையும் இதே கதைதான். அதில் ஒட்டிக்கொண்டு தங்குவது ஒன்று, வேலை முடிந்ததும் பறந்து போவது ஒன்று. தங்குவதைப் பிசின் என்போம். மெத்தைப் பசையில் பிசின் பெரும்பாலும் ஒரு வகை இறப்பர். இறப்பர் கட்டியாக இருப்பதால் அப்படியே பூச முடியாது. அதனால் ஒரு திரவத்தில் கரைத்துக் கூழாக்குகிறார்கள். அந்தத் திரவத்துக்குப் பெயர் கரைப்பான். சைக்கிளுக்கு ஒட்டுப் போடுபவர் சொலூஷனைத் தடவிவிட்டு உடனே ஒட்டுவதில்லை, கொஞ்ச நேரம் காயவிடுவார். அவர் காத்திருப்பது கரைப்பான் போகட்டும் என்றுதான். குப்பியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசமும் இறப்பருடையது இல்லை, கரைப்பானுடையது.

தொலுயீன், ஹெக்சேன், அசிற்றோன், எதைல் அசிற்றேற், டைகுளோரோமீதேன் எல்லாம் இப்படிப் பயன்பட்ட, பயன்படும் கரைப்பான்கள். அடுப்பில் ஏற்றாமலே, சாதாரண அறைச் சூட்டில் ஆவியாகிக் காற்றில் கலக்கும் இப்படியான கரிமப் பொருட்களுக்கு ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று பெயர். நீளமான பெயர் என்பதால் இனி ஆவிச் சேர்மம் என்றே எழுதுகிறேன்.

எல்லாப் பசையிலும் கரைப்பான் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிலவற்றில் பிசினைத் தண்ணீரில் கலக்கியிருப்பார்கள். பறந்து போவதில் பெரும்பங்கு நீராவி. இது நீர்ப் பசை. காயக் கொஞ்சம் நேரமெடுக்கும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும், அதனால் சிறிய கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. பெரிய தொழிற்சாலைகளில் சூட்டுப் பசையும் உண்டு. திண்மப் பிசினை இயந்திரத்தில் உருக்கி விசிறுவார்கள், ஆறியதும் இறுகிவிடும். அதில் கரைப்பானே இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பசையில் தங்கும் பிசின் இருக்கிறது, பறக்கும் கரைப்பான் இருக்கிறது. இறுகிய பிசின் அசையாமல் கிடக்கும், மூச்சுக்குள் வராது. உடல்நலக் கேள்வி முக்கால்வாசி கரைப்பானைப் பற்றியது. கரைப்பான் எது என்பது பசையின் வகையைப் பொறுத்தது.

புது மெத்தை வாசம் ஏன் குறைகிறது?

பசை அடித்து ஒட்டிய கையோடு கரைப்பானின் பெரும்பகுதி அந்த அறையிலேயே போய்விடும். மிச்சம் கொஞ்சம் பசைப் படலத்துக்குள்ளும் ஸ்பொஞ்சின் துளைகளுக்குள்ளும் தங்கும். நெல் மணிக்குள் தங்கிய ஈரம் மாதிரி அது நாளடைவில் வெளியே வரும். முதல் நாட்களில் அதிகமாக, பிறகு குறைந்து குறைந்து. மெத்தையைப் பொலித்தீன் உறையோடு களஞ்சியத்தில் வைத்திருந்தால் இப்படிக் காய்வது நின்றுபோகும். காயாத நெல்லை மூட்டை கட்டிய நிலைதான். மூன்று மாதம் கடையில் கிடந்த மெத்தை என்றாலும், உறையை நீங்கள் வீட்டில் கிழிக்கும் நாள்தான் அதற்கு முதல் நாள்.

வாசம் முழுவதையும் பசையின் தலையில் கட்டவும் கூடாது. ஸ்பொஞ் செய்யும்போது சேர்த்த பொருட்கள், உறைத் துணியின் சாயம், ரெக்சின், பொலித்தீன் எல்லாம் தங்கள் பங்குக்கு வாசம் விடும்.

சூடு இந்த வேகத்தைக் கூட்டும். 2019 இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில் பொலியூரிதேன் மெத்தைகளை, ஆள் படுத்திருக்கும்போது உண்டாகும் சூட்டிலும் ஈரப்பதத்திலும் வைத்துச் சோதித்தார்கள். ஆவிச் சேர்மங்கள் கூடுதலாக வெளியேறின, அதற்கு முக்கிய காரணம் சூடு. 2014 இல் அமெரிக்காவின் ரெக்சஸில் குழந்தைத் தொட்டில் மெத்தைகள் இருபதை எடுத்துப் பார்த்த ஆய்வும் இதையே சொன்னது. அதோடு, புது மெத்தை பழையதைவிடச் சுமார் நாலு மடங்கு கூடுதலாக வெளியேற்றியது. அறையின் நடுவில் உள்ள காற்றைவிட, படுத்திருக்கும் குழந்தையின் மூக்கருகே அளவு கூடுதலாக இருந்தது.

கச்சான் காற்று வீசும் ஆடி மாத மத்தியானத்தில் தகரக் கூரை வீட்டு அறை எப்படி இருக்கும் என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சூட்டில் மெத்தை வேகமாகக் காயும். குளிர் நாட்டில் கதவடைத்த அறையில் பல வாரம் எடுப்பது இங்கே சீக்கிரம் முடியும். அது நல்ல விசயம், அந்த நேரத்தில் நீங்கள் அதன் மேல் படுத்திருக்காத வரை. குளிரூட்டி போட்டு யன்னலைச் சாத்திய அறை என்றால் கதை வேறு. அங்கே காற்று வெளியே போவதில்லை, இருப்பதே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

வாசமும் ஆபத்தும் ஒரே அளவுகோல் இல்லை

தும்பு மெத்தையில் சில நேரம் காரமான அமோனியா வாசமும் கந்தக வாசமும் வரும். இறப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள், மிச்சம் கொஞ்சம் வாசமாகத் தெரியும். மூக்கைச் சுளிக்க வைக்கும், ஆனால் காற்றாட வைத்தால் போய்விடும். மறுபக்கம், காபனோரொட்சைட்டுக்கு வாசமே கிடையாது, ஆளைக் கொல்லும். ஒரு பொருளை மூக்கு கண்டுபிடிக்கும் அளவும், அது உடம்பைக் கெடுக்கும் அளவும் வெவ்வேறு. சிலதை நஞ்சாக மாறுவதற்கு வெகு முன்னரே மூக்கு சொல்லிவிடும். சிலதைச் சொல்லாது. இன்னொரு சிக்கல், மூக்கு பழகிவிடும். வாசம் உள்ள அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் வாசம் இல்லாத மாதிரித் தோன்றும், காற்றில் இருப்பது குறைந்திருக்காது.

அதனால் "வாசம் போனால் சரி" என்பது வீட்டு மெத்தைக்கு ஓரளவு உதவும் அடையாளம் மட்டும். சட்டமாக எடுக்க முடியாது.

உடம்புக்குள் போனால் என்ன நடக்கும்?

இங்கே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஏற்பளவு. காற்றில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் சுவாசித்தீர்கள், எத்தனை நாள் சுவாசித்தீர்கள், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஏற்பளவு. ஒரே தொலுயீன்தான், ஒரே ஹெக்சேன்தான். ஆனால் மெத்தையில் படுப்பவருக்கும் பசை அடிப்பவருக்கும் ஏற்பளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

புது மெத்தையில் படுப்பவருக்கு வரக்கூடியது பெரும்பாலும் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலையிடி, சிலருக்குக் குமட்டல். எழும்பி வெளியே போனால் குறையும். முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு இது விளையாட்டான விசயம் இல்லை. எரிச்சலூட்டும் எந்த ஆவியும் அவர்களுடைய மூச்சுக் குழாயைச் சுருங்க வைக்கலாம், இரவில் இழுப்பு வரலாம். சின்னக் குழந்தைகளையும் தனியாக எண்ண வேண்டும். உடல் எடைக்கு அவர்கள் சுவாசிக்கும் காற்று நம்மைவிடக் கூடுதல், நாளில் பாதிக்கு மேல் தூக்கம், மூக்கும் மெத்தையோடு. ஏணையில் தூங்கும் பிள்ளைக்கு இந்தப் பிரச்சினை வராது என்பதையும் சொல்லி வைக்கிறேன். சேலைத்துணிக்குப் பசை அடிக்கத் தேவையில்லை.

நிறைய ஆவி, மூடிய அறை, நாள்தோறும் என்று வந்தால் பட்டியல் மாறும். தொலுயீன் மூளையை மந்தமாக்கும், ஆள் வெறித்தவர் போலாவார். டைகுளோரோமீதேனை உடம்பே காபனோரொட்சைட்டாக மாற்றும், இரத்தம் ஒட்சிசன் சுமப்பது குறையும். ஹெக்சேன் நரம்பைத் தின்னும். இவை எதுவும் வீட்டுக் கட்டிலில் நடக்கும் கதைகள் இல்லை. எங்கே நடக்கும் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

கென்சர் கேள்வி

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பொருட்களைக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலாம் குழு, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவை. 2 ஏ, தரக்கூடும் என்று பலமாகச் சந்தேகிக்கப்படுபவை. 2 பி, சாத்தியம் உள்ளவை. மூன்றாம் குழு, தரும் தராது என்று பிரித்துச் சொல்லப் போதிய சான்று இல்லாதவை. பலகை ஒட்டும் பிசினிலிருந்து வரும் போர்மல்டிஹைட் முதலாம் குழுவில். டைகுளோரோமீதேன் 2 ஏ. தொலுயீன் மூன்றில்.

இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். ஆனால் அது சொல்வது சான்று எவ்வளவு பலமானது என்பதை மட்டும். எவ்வளவு பட்டால் எத்தனை பேருக்கு வரும் என்பதை அது சொல்லாது. முதலாம் குழுவில் வெயிலும் இருக்கிறது, புகையிலையும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆபத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"மெத்தையில போமலின் அடிக்கிறாங்க" என்ற பேச்சு வேறு. போமலின் என்பது போர்மல்டிஹைட்டைத் தண்ணீரில் கரைத்தது. மீனுக்குப் போமலின் என்று கிளம்பிய பயம் அப்படியே மெத்தைக்கும் தாவியிருக்க வேண்டும். ஸ்பொஞ் அடுக்குகளை ஒட்டும் இறப்பர்ப் பசைக்குப் போர்மல்டிஹைட் தேவையில்லை. அது உண்மையில் இருக்கும் இடம் கட்டிலின் தலைப்பலகையும் பக்கத்தில் நிற்கும் அலுமாரியும். எம்.டி.எஃப், பார்ட்டிக்கிள் போர்ட், பிளைவுட் போன்றவற்றில் மரத்தூளையும் மரத்தாளையும் ஒட்ட யூரியா போர்மல்டிஹைட் பிசினைப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பிசினில் விசயம் தலைகீழ். இங்கே தங்கும் பிசினே ஈரக் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போர்மல்டிஹைட்டை விடும், அதுவும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில். வாவிக்கரை ஊரின் ஈரப்பதம் அதற்கு நல்ல தோது. வீட்டுக் காற்றில் போர்மல்டிஹைட் கனமீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2010 ஆம் ஆண்டு வழிகாட்டல். மெத்தையை முகர்ந்து பார்ப்பவர்கள் அலுமாரிக் கதவைத் திறந்து முகர்வதில்லை. ஓடாவி முதிரையிலோ வேம்பிலோ செய்து தரும் கட்டிலில் இந்தத் தொல்லை கிடையாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. மெத்தைப் பசைக்குப் பயந்து தூங்காமல் புரளும் அதே அறையில், கட்டிலுக்கடியில் நுளம்புத்திரி புகைந்துகொண்டிருக்கும். சீன, மலேசிய நுளம்புத்திரிகளைச் சோதித்து 2003 இல் வெளியான ஆய்வின்படி, ஒரு திரி எரிந்து முடியும்போது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம். போர்மல்டிஹைட் 51 சிகரெட் அளவு வரை. அதுவும் ஒவ்வொரு இரவும், மெத்தை மாதிரி நாளாக நாளாகக் குறைவதும் இல்லை. கட்டிலுக்கடியில் நெருப்பு வைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஸ்பொஞ் பற்றினால் நிமிடக் கணக்கில் எரியும், புகையில் காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் இருக்கும். நுளம்பு வலை கட்டுங்கள்.

சுருக்கம்: வீட்டில் படுப்பவருக்கு மெத்தைப் பசை சிறிய, குறைந்துகொண்டு போகும் பிரச்சினை. முட்டு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் கவனமாக இருக்க வேண்டும். கென்சர் பயம் என்றால் முதலில் திரியையும் சிகரெட்டையும் பலகை அலுமாரியையும் பாருங்கள்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

கடையில் "கெமிக்கல் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். உலகத்தில் எல்லாமே கெமிக்கல் என்பதால் அந்தப் பதிலுக்கு அர்த்தமும் கிடையாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: உள்ளே எத்தனை அடுக்கு? ஒட்டியதா, தைத்ததா? எப்போது செய்தது? இங்கேயே ஒட்டுகிறீர்கள் என்றால் எந்தப் பசை, தண்ணிப் பசையா, தின்னர் வாசம் வருகிற பசையா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாத கடைக்காரர் பசைத் தகரத்தைக் காட்டினாலும் போதும். எளிதில் தீப்பற்றும் என்ற சுவாலை அடையாளம் இருந்தால் அது கரைப்பான் பசை.

முத்திரைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. சேர்ட்டிபியூர் என்ற முத்திரை ஸ்பொஞ்சுக்கு மட்டும் உரியது. அடுக்குகளை ஒட்டிய பசைக்கோ துணிக்கோ அது பொறுப்பெடுப்பதில்லை. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை முழு மெத்தைக்கும் இருக்கலாம், உறைத் துணிக்கு மட்டுமாகவும் இருக்கலாம், எதற்கு என்று வாசித்துப் பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கான பொருளுக்கு அதில் தனி வகுப்பு உண்டு, அதுதான் மிகக் கண்டிப்பானது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது, பொலித்தீனைக் கழற்றி எறிவது. புதிது அழுக்காகிவிடும் என்று உறையோடு விரித்துப் படுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது வாசத்தையும் பூட்டி வைக்கும், வியர்வையையும் பூட்டி வைக்கும், சின்னப் பிள்ளைக்கு மூச்சடைப்பு ஆபத்தும் உண்டு. பிறகு சுவரோடு நிமிர்த்தி, இரு பக்கமும் காற்றுப்பட, விறாந்தையிலோ யன்னல் திறந்த அறையிலோ சில நாள் விடுங்கள். நெல்லைக் கிளறிவிடுகிற மாதிரி பக்கத்தை மாற்றி மாற்றி வையுங்கள். நல்ல வெயிலில் போடுவது தும்புக்குச் சரி, ஸ்பொஞ்சுக்குக் கூடாது. வெயில் பட்டால் ஸ்பொஞ் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். கலியாண வீட்டுக்கு மெத்தையை முதல்நாள் இறக்காமல் இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே இறக்கினால் வேலை முடிந்தது. தாலிகட்டு நாளோ நிக்காஹ் நாளோ பின்னேரம் மூடிய அறைக்குள் உறை கிழிப்பதைவிட எவ்வளவோ நல்லது.

பழையதே நல்லது என்று இருபது வருட மெத்தையைக் கட்டிக்கொண்டு இருப்பதிலும் புண்ணியமில்லை. கரைப்பான் என்றோ போயிருக்கும், அந்த இடத்தை உண்ணிப்பூச்சியின் தூசும் பூஞ்சணமும் பிடித்திருக்கும். மாரி வெள்ளத்தில் ஊறிய மெத்தையைக் காயவைத்துத் திரும்பப் படுப்பது, முட்டு உள்ளவர்களுக்குப் புது மெத்தையின் பசையைவிடக் கெடுதி. அதை எறிந்துவிட்டு அந்த மழைக்காலத்தைப் பன்பாயில் கழித்தாலும் குறைவில்லை.

பசை அடிக்கும் அறை

பிரதான வீதியோரக் குஷன் கடையொன்றின் பின்னறையை நினைத்துப் பாருங்கள். சுவரோடு ஸ்பொஞ் தகடுகள். கம்பிரசரில் மாட்டிய ஸ்பிரே கன். மின்விசிறி இறக்கையில் காய்ந்த பசை நூல் நூலாகத் தொங்கும். வீதித் தூசு ஈரப் பசையில் ஒட்டினால் வேலை கெட்டுவிடும் என்று கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். பொடியன் வாயில் லேஞ்சி கட்டியிருப்பான். கையில் ஒட்டிய பசையைத் தின்னரில் கழுவி, அங்கேயே உட்கார்ந்து பணிஸ் சாப்பிடுவான். வாசம் எப்படியென்று கேட்டால், "எனக்கு ஒண்டும் விளங்காது" என்பான். மூக்கு பழகிவிட்டது. மெத்தை உங்கள் வீட்டுக்கு வருமுன் அதிலிருந்து பறந்த கரைப்பானில் பெரும்பங்கு இந்த அறையில்தான் பறந்தது. ஒரு மெத்தையினுடையது மட்டுமல்ல, அன்றைக்குச் செய்த அத்தனையினுடையதும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1960களில் ஜப்பானில் வீட்டிலிருந்து செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்குக் கை கால் விறைத்து, நடை தளர்ந்தது. பசையில் இருந்தது ஹெக்சேன். உடம்பு அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது, அந்தப் பொருள்தான் நீண்ட நரம்புகளின் நுனியைப் பிடிக்கிறது. அதனால்தான் விறைப்பு முதலில் கால்விரலில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. அங்கே குஷன், ஸ்பொஞ் தொழிலில் டைகுளோரோமீதேன் கலந்த பசை பரவலாக இருந்தது. 1997 இல் வேலைத்தலக் காற்றில் அதற்கான எல்லையைப் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 25 பங்குக்கு இறக்கினார்கள். தொழிற்சாலைகள் பலவும் கட்டுப்பாடு இல்லாத இன்னொரு கரைப்பானுக்குத் தாவின. அதன் பெயர் 1-புரோமோபுரோப்பேன். சில வருடங்களில் நார்த் கரோலினாவில் குஷன் தொழிலாளர்கள் நடக்க முடியாமல், கால் விறைத்து மருத்துவரிடம் போனார்கள். புதிய கரைப்பான் நரம்பைப் பிடித்திருந்தது. அது அந்நாட்டின் ஆபத்தான காற்று மாசுகள் பட்டியலில் ஏறியது 2022 ஜனவரியில்தான். டைகுளோரோமீதேனின் பெரும்பாலான பயன்பாட்டுக்குத் தடை விதிக்கும் விதி 2024 இல் வந்தது. "அந்தக் கெமிக்கல் இல்லை" என்று ஒரு தகரத்தில் எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

குஷன் கடை வைத்திருப்பவருக்கு முதல் தெரிவு நீர்ப் பசைக்கு மாறுவது. முடியாவிட்டால், காற்று வெளியே போக வழி. இந்தக் கரைப்பான் ஆவிகள் காற்றைவிடப் பாரமானவை, தரையோடு தேங்கும். உச்சியில் சுழலும் ஃபேன் அவற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. சுவரின் அடியில், வெளிப்பக்கம் இழுக்கும் ஃபேன் வேண்டும். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வெல்டிங் பொறியோ கூடாது, தேங்கிய ஆவி பற்றும். லேஞ்சியும் மருத்துவ முகக்கவசமும் தூசியைத்தான் மறிக்கும், ஆவியை மறிக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், அந்த வடிகட்டியையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். கையைத் தின்னரில் கழுவாமல் தேங்காயெண்ணெய் தேய்த்துச் சவர்க்காரம் போடலாம். தோல் வழியாகவும் கரைப்பான் உள்ளே போகும்.

இந்த வேலை செய்பவருக்குக் கால்விரல் விறைப்போ, செருப்புக் கழன்றது தெரியாத நிலையோ, படி ஏறத் தள்ளாட்டமோ வந்தால் தாமதிக்கக் கூடாது. நம் பகுதியில் கால் விறைப்பு என்றதும் சீனி வருத்தம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள், டொக்டரும் அப்படி நினைக்கக்கூடும். கேட்காவிட்டாலும் தொழில் என்ன, எத்தனை வருடம், எந்தப் பசை என்று சொல்லுங்கள். பசைத் தகரத்தின் லேபலைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஹெக்சேன் நரம்பைப் பிடித்தால், வேலையை நிறுத்திய பிறகும் சில மாதம் விறைப்புக் கூடிக்கொண்டே போகலாம், பிறகுதான் இறங்கத் தொடங்கும். ஒரு மாதம் லீவெடுத்தும் குறையவில்லை, ஆகவே பசை காரணமில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்ப ஸ்பிரே கன்னைப் பிடித்துவிடாதீர்கள்.